ஓடும் இயந்திரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை

அடிக்கடி மக்கர் செய்யும் கம்ப்யூட்டரைப் பார்த்து எங்கள் தொழிலில் யாரும் பயப்படுவதில்லை. அதன் குணம் தெரியும், ஸ்பேர் கையில் இருக்கும். வருஷக்கணக்கில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிற சர்வர்தான் வயிற்றைக் கலக்கும். "வாங்கி வெச்ச நாள்லேர்ந்து ஆஃப் பண்ணதே இல்ல சார்" என்று சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு மேனேஜர் பெருமையோடு சொல்லும்போதெல்லாம், அதை மறுபடி ஆன் செய்யவேண்டிய நாள் யாருடைய டூட்டியில் வரப்போகிறதோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஹார்ட் டிஸ்க்கின் பேரிங் தேய்ந்திருந்தாலும், சுற்றுகிற வேகத்திலேயே அது சுற்றிக்கொண்டிருக்கும். நிறுத்திக் குளிரவிட்டால் மறுபடி கிளம்புவது சந்தேகம். அந்தக் காலத்து டிஸ்க்குகளில் சுழற்சி நின்றதும் ஹெட், தகட்டின் மேலேயே இறங்கி உட்காரும். வழவழப்பான இரண்டு பரப்புகள் ஒட்டிக்கொண்டால், பிய்த்துக்கொண்டு எழுகிற பலம் அந்தச் சின்ன மோட்டாருக்கு இருக்காது. பவர் சப்ளைக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் தன் சக்தியில் பாதியை இழந்திருந்தாலும் ஓட்டத்தில் வெளியே தெரியாது. ஆன் செய்த முதல் நொடியில் எல்லா டிஸ்க்குகளும் ஒன்றாகச் சுழலத் தொடங்கும்போது கேட்கிற கரண்டைக் கொடுக்க முடியாமல் அங்கேயே விழுந்துவிடும். மதர்போர்டில் இருக்கிற 3 வோல்ட் வில்லை பேட்டரி எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். கரண்ட் இருந்தவரை அதன் தேவையே வராததால் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். நிறுத்தி ஏற்றினால் இயந்திரத்துக்குத் தேதியும் தெரியாது, எந்த டிஸ்க்கிலிருந்து எழவேண்டும் என்பதும் மறந்திருக்கும். பல வருஷம் ஓசையில்லாமல் சேர்ந்த பலவீனங்கள் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வெளியே வரும்.

கரண்ட் போய், யு.பி.எஸ். தாக்குப்பிடிக்காமல் போய், அப்படி ஒரு சர்வர் தானாக நின்றுபோன இடங்களுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். நிற்காமல் ஓடவேண்டிய இயந்திரத்தை நாமே நேரம் குறித்து நிறுத்தவேண்டும் என்ற எண்ணம் எனக்குள் ஊறியது அந்த இரவுகளில்தான்.

நான் சித்தூர்க்காரன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. 1911-ல் மதராஸ் மாகாணத்தில் உருவான மாவட்டம் எங்களுடையது. 1960-ல் திருத்தணி இன்றைய தமிழ்நாடான மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது, நாங்கள் ஆந்திரத்தில் இருந்துகொண்டோம். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, தொண்ணூறுகளின் நடுவில் திருப்பதியில் ஒரு சிறிய சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தேன். வங்கிகள், மருத்துவமனைகள், கல்லூரி லேப்கள், லாட்ஜுகள், மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் எல்லாம் எங்கள் ஏ.எம்.சி.யில், அதாவது வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில், இருந்தன. திருப்பதிக்கும் சித்தூருக்கும் சுமார் 70 கிலோமீட்டர். சந்திரகிரி, காதங்கி, பூதலப்பட்டு என்று அந்தச் சாலையில் ஆர்.டி.சி. பஸ்ஸில் டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு போய்வந்ததுதான் என் இளமைக்காலம்.

2022-ல் திருப்பதி தனி மாவட்டமாகும்வரை ஒரே மாவட்டத்துக்குள் மூன்று சீதோஷ்ணம் எங்களுக்கு. சித்தூர் வெல்ல மண்டிகளில் காற்றிலேயே இனிப்பு இருக்கும். அந்தத் தூசி கீபோர்டுக்குள் இறங்கிப் பிசுபிசுக்கும், அதைத் தேடி எறும்பு வரும். எறும்பு நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்குள் புற்று வைத்ததை நான் திறந்து பார்த்திருக்கிறேன். எறும்பைத் தேடிப் பல்லி வரும். பல்லி யு.பி.எஸ். போர்டின் மேல் குறுக்கே கால் வைத்தால் பல்லியும் போகும், போர்டும் போகும். ஜூன், ஜூலையில் மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் இரவு பகல் இல்லாமல் ஓடும். எடைமேடைக் கம்ப்யூட்டர் அப்போது நின்றால் வெளியே லாரிகள் வரிசை கட்டிவிடும். திருப்பதி டவுனில் வெயிலும் கட்டட வேலைத் தூசியும். லாட்ஜ் ரிசப்ஷன் மேஜைக்குக் கீழே, காற்றே புகாத பெட்டிக்குள் சி.பி.யு.வைத் தள்ளி வைத்திருப்பார்கள். யாத்திரிகர்கள் எந்நேரமும் வருகிற ஊரில் அதை நிறுத்த நேரமே கிடையாது. மலைமேல், திருமலையில், வேறு கதை. மார்கழிப் பனியில் அறைக்குள்ளேயே ஈரம் இறங்கும். மெமரி கார்டின் காண்டாக்ட்டுகள் மங்கிப்போகும். கழற்றி, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மறுபடி பொருத்தினால் செத்த கம்ப்யூட்டர் எழுந்து உட்காரும். எங்கள் தலைமுறையில் ஒவ்வொரு சர்வீஸ்காரன் பையிலும் ஒரு வெள்ளை ரப்பர் இருந்தது.

ஆனால் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பங்கு பெட்டிக்கு வெளியிலிருந்துதான் வந்தது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கம்ப்யூட்டரையே தொடாத ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன். எங்களைவிட இருபது வயது மூத்தவர், சித்தூரில் பல அலுவலகங்களுக்கு வயரிங் செய்தவர். "தம்பி, பெட்டியத் திறக்கறதுக்கு முன்னாடி பிளக் பாயிண்டப் பாரு" என்பார். மல்டிமீட்டரை வைத்து மூன்று இடத்தில் அளக்கச் சொல்வார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு, மூன்று வோல்ட்டைத் தாண்டக்கூடாது. கடைசி அளவைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பல இடங்களில் அது இருபது, முப்பது என்று நிற்கும்.

அப்போது வங்கிக் கிளைகளில் ஒரு யூனிக்ஸ் சர்வர் உள்ளறையில் இருக்கும். கவுண்ட்டர்களில் டெர்மினல்கள், இரண்டுக்கும் இடையே சீரியல் கேபிள். டெர்மினலில் திரையும் கீபோர்டும் மட்டும்தான், வேலையெல்லாம் உள்ளே இருக்கிற சர்வருக்கு. ஒரு கிளையில் மட்டும் சர்வரில் அந்தக் கேபிள்கள் வந்து சேரும் மல்டிபோர்ட் கார்டு அடிக்கடி எரியும். கார்டை மாற்றுவோம், சில வாரம் ஓடும், மறுபடி எரியும். கார்டு மட்டம் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்த நேரத்தில் அண்ணனை அழைத்துப்போனேன். அவர் உள்ளறைக்கே வரவில்லை. கட்டடத்தின் பின்பக்கம் போய் எர்த் குழியைத் தேடினார். அதன் மேல் யாரோ பழைய பீரோவை நிறுத்தியிருந்தார்கள். சித்திரை வெயிலில் மண் பாளமாக வெடித்திருந்தது. எர்த் குழிக்குள் உலோகத் தகட்டைச் சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டிருப்பார்கள். ஈரம் இருந்தால்தான் அது கரண்டை மண்ணுக்குள் கடத்தும். காய்ந்துவிட்டால் சுவரில் எர்த் என்ற மூன்றாவது ஓட்டை இருக்கும், அதற்குப் பின்னால் ஒன்றும் இருக்காது.

சர்வர் யு.பி.எஸ்.ஸில் ஒரு எர்த்தோடு இருந்தது. டெர்மினல்களை வேறு ஃபேஸில், வேறு எர்த்தில் சொருகியிருந்தார்கள். இரண்டு எர்த்துக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்த மெல்லிய சீரியல் கேபிள் வழியாகப் பாய்ந்து, சில வோல்ட் சிக்னலுக்காகச் செய்த சிப்புகளைச் சுட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் பீரோவை நகர்த்தச் சொல்லி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். டெர்மினல்களையும் அதே யு.பி.எஸ். லைனுக்கு மாற்றி எர்த்தை ஒன்றாக்கினோம். அந்தக் கிளையில் அதன் பிறகு போர்ட் எரியவில்லை. குழிக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுகிற வேலை அட்டெண்டர் பொறுப்பில் வந்தது. சுவர்க் காலண்டரில் திங்கள்கிழமைகளில் அவர் ஒரு சிறு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளிகள் அந்தச் சர்வருக்குச் சேர்த்த ஆயுள், நாங்கள் மாற்றிய எந்தக் கார்டும் சேர்க்காதது.

வோல்டேஜ் பற்றியும் சொல்லவேண்டும். கிராமத்து லைனில் பம்ப்செட்டுகள் ஓடும் நேரம் 170, 180 என்று தள்ளாடும். எல்லா மோட்டார்களும் ஒன்றாக நின்றதும் ஒரே எகிறு எகிறும். தாழ்வைவிட அந்த எகிறல்தான் பொல்லாதது. கூழ் ஃபேக்டரிகளில் சர்வோ ஸ்டெபிலைசர் இல்லாமல் யு.பி.எஸ். வைக்க நான் ஒத்துக்கொண்டதே இல்லை.

அடுத்த எதிரி வெப்பம். இதில் ஒரு கணக்கு உண்டு. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் நாளடைவில் உலர்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும், 10 டிகிரி குறைந்தால் இரட்டிக்கும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிற ஒரு கெப்பாசிட்டரை 65 டிகிரியில் ஓட்டினால் 32,000 மணி நேரம் வரும். வருஷத்துக்கு 8,760 மணி நேரம், ஆக மூன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். அதே கெப்பாசிட்டரை 55 டிகிரியில் வைத்திருந்தால் ஏழு வருஷத்தைத் தாண்டும். அலுவலக நேரத்தில் மட்டும் ஓடுகிற கம்ப்யூட்டருக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. நாள் முழுக்க ஓடுவதற்கு இதுதான் தலையெழுத்து. ஃபேனில் படிந்த ஒரு விரல் தடிமன் தூசியைத் துடைப்பது நாலு வருஷ ஆயுளைச் சம்பாதித்துக் கொடுக்கிறது. இதைவிட மலிவான முதலீடு எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் உலகம் முழுக்க ஒரு கெப்பாசிட்டர் நோய் பரவியது. தரம் கெட்ட எலக்ட்ரோலைட்டோடு தயாரான கெப்பாசிட்டர்கள், பெரும்பாலும் தைவானிலிருந்து, மதர்போர்டுகளில் ஏறிவிட்டன. இரண்டு மூன்று வருஷத்தில் அவற்றின் தலை உப்பும். மேலே கீறியிருக்கும் கோட்டின் வழியாகப் பழுப்பாக ஏதோ கசியும். எங்கள் ஊர் வெயிலில் அது இன்னும் சீக்கிரம் வந்தது. பெட்டியைத் திறந்ததும் முதலில் கெப்பாசிட்டர் தலைகளை விரலால் தடவிப்பார்க்கும் வழக்கம் எங்களுக்கு அப்போதுதான் ஏற்பட்டது. தட்டையாக இருந்தால் சரி. லேசாக மேடு தட்டினாலும், இன்றைக்கு ஓடினாலும், மாற்றிவிட வேண்டும். ஓடுகிறதைக் கழற்றுவானேன் என்று வாடிக்கையாளர்கள் கோபப்படுவார்கள். உப்பிய ஒன்றைக் கையில் கொடுத்துத் தடவச் சொன்னால் பெரும்பாலும் சமாதானமாவார்கள்.

பேட்டரிக்கும் அதே வெப்பக் கணக்குதான். திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியில் இருக்கும் அமர ராஜா பேட்டரித் தொழிற்சாலையால் எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கு பேட்டரி என்பது வீட்டுப் பேச்சு. உறவில் யாராவது ஒருவர் அங்கே வேலையில் இருப்பார். ஆனாலும் யு.பி.எஸ். பேட்டரியை மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத பொந்தில் அடைக்கும் பழக்கம் போகவில்லை. சீல் செய்த லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுளை 25 டிகிரியில் கணக்கிடுகிறார்கள். 35 டிகிரி அறையில் வைத்தால் ஏறக்குறைய பாதி போச்சு. மேயில் எங்கள் ஊர் 40-ஐத் தாண்டும், அந்தப் பொந்து அதையும் தாண்டும். 'பராமரிப்பு தேவையில்லை' என்று மேலே அச்சிட்டிருப்பதால் யாரும் கிட்டே போகவும் மாட்டார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதுதான் அதற்கு அர்த்தம், அளந்து பார்க்க வேண்டாம் என்று அர்த்தமில்லை. சார்ஜில் இருக்கும்போது எல்லா பேட்டரியும் 13.5 வோல்ட் காட்டி நல்லபிள்ளையாக இருக்கும். லோடைப் போட்டுப் பத்து நிமிஷம் விட்டு ஒவ்வொன்றாக அளந்தால் எது நோஞ்சான் என்று தெரிந்துவிடும். வரிசையில் ஒன்று விழுந்தால் மொத்த வரிசையும் விழும்.

இப்படி ஒன்று விழுந்தால் எல்லாம் விழாமல் இருக்க என்ன செய்வது? அதற்கான விடை நான் தினமும் கடந்துபோன சாலையோரத்திலேயே இருந்தது. காதங்கியில் எம்.எஸ்.டி. ரேடார் இருக்கிறது, இன்று தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் பொறுப்பில். வானத்தை நோக்கி 53 மெகாஹெர்ட்ஸில் அலைகளை அனுப்பி, காற்றின் போக்கை அளக்கிறது. 130 மீட்டருக்கு 130 மீட்டர் மைதானத்தில் 1,024 யாகி ஆண்டெனாக்கள், 32 வரிசையில் 32. ஒருமுறை மாணவர்களோடு உள்ளே போய்ப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. எல்லோரும் ஆண்டெனாக் காட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு அதன் டிரான்ஸ்மிட்டர் ஏற்பாடுதான் பிடித்தது. மொத்தம் 2.5 மெகாவாட் உச்ச சக்தியை ஒரே டிரான்ஸ்மிட்டரிலிருந்து எடுக்காமல் 32-ஆகப் பிரித்திருந்தார்கள். ஒன்று பழுதானால் ரேடாரின் பலம் கொஞ்சம் குறையும், ரேடார் சாகாது. பின்னால் அதையும் மாற்றி, ஆண்டெனாவுக்கு ஒன்றாக 1,024 சிறு திடநிலை மாட்யூல்கள் வைத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு கிலோவாட்தான். ஆயிரத்தில் சில போனால் என்ன?

எங்கள் மாவட்டக் கிராமங்களில் இருந்த சி-டாட் டெலிபோன் எக்சேஞ்சுகளும் இதே புத்தியில் செய்தவைதான். 1984-ல் தொடங்கிய அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட், கிராமங்களுக்கென்றே ஏ.சி. இல்லாமல் ஓடக்கூடிய சின்ன எக்சேஞ்சை வடிவமைத்தது. முதலாவது 1986-ல் கர்நாடகத்துக் கித்தூரில் வந்தது. அதில் பிராசஸர் கார்டு இரண்டு. ஒன்று வேலை செய்யும், இன்னொன்று காத்திருக்கும். தூசியும் வெயிலும் இருக்கத்தான் செய்யும், கார்டு போகத்தான் போகும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு செய்த இயந்திரம் அது. வெளிநாட்டில் குளிரூட்டிய அறைக்கென்று செய்ததைக் கொண்டுவந்து இங்கே அறையைக் குளிரூட்டுவதைவிட இது எவ்வளவு பெரிய காரியம் என்று இன்றும் எனக்கு வியப்பு.

எங்கள் வாடிக்கையாளர்களிடம் 32 டிரான்ஸ்மிட்டருக்கு வசதி கிடையாது. ஒரு சர்வர், அதில் இரண்டு பவர் சப்ளை, மூன்று நான்கு டிஸ்க். டேட்டாவைப் பல டிஸ்க்குகளில் பகிர்ந்து வைக்கும் ரெய்டு போட்டிருக்கிறது, ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா இருக்கும் என்று நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் அந்த நான்கு டிஸ்க்கும் ஒரே பெட்டியில் வந்தவை, ஒரே நாளில் ஓடத் தொடங்கியவை, ஒரே வெப்பத்தில் வெந்தவை. ஒன்று போய், புதியதைப் போட்டு, மற்றவை இரவெல்லாம் முழுமூச்சாக டேட்டாவை எடுத்துக்கொடுக்கும்போது இரண்டாவதும் போகலாம். 2007-ல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முதல் ஸ்கேன் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் செத்துப்போகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்று அதில் இருந்தது. அதைப் படித்ததிலிருந்து ஒரே ஒரு பிழை காட்டினாலும் டிஸ்க்கை மாற்றச் சொன்னேன். அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், அவர்கள் முக்கியமாகக் கருதிய எந்த எச்சரிக்கையையும் காட்டாமலே செத்திருந்தன. எனவே அளவுகளை மட்டும் நம்பி உட்கார முடியாது. பேக்கப் இருக்கவேண்டும், அந்த பேக்கப்பிலிருந்து திரும்ப ஏற்றிப் பார்த்திருக்கவும் வேண்டும்.

இதையெல்லாம் செய்ய நிறுத்தவேண்டும். அங்கேதான் பேச்சு முறியும்.

திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனை எங்கள் ஏ.எம்.சி.க்கு வந்தது. லேப், ஃபார்மஸி, பில்லிங் எல்லாம் ஒரே சர்வரில். நிர்வாகி வயதானவர், நெற்றியில் எப்போதும் திருமண். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சில மணி நேரம் சர்வரை நிறுத்தவேண்டும் என்றேன். "இருபத்துநாலு மணி நேர ஹாஸ்பிடல் இது. எப்படி நிறுத்தறது?" என்றார். நாங்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசித்தபோது மலைதான் நினைவுக்கு வந்தது. "சார், மேலே சுவாமி தரிசனத்தையே வருஷத்துக்கு நாலு செவ்வாய்க்கிழமை நிறுத்திக் கோயிலைக் கழுவறாங்களே" என்றேன்.

கோயில் ஆழ்வார் திருமஞ்சனத்தைச் சொன்னேன். உகாதி, ஆனிவார ஆஸ்தானம், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி இந்த நான்குக்கும் முன்னால் வருகிற செவ்வாய்க்கிழமை அது நடக்கும். வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸில் கூட்டம் குறைவதே இல்லாத கோயில் அது. அங்கே அன்று காலை சில மணி நேரம் தரிசனத்தை நிறுத்துகிறார்கள். மூலவரைத் துணியால் மூடி, பாத்திரங்களையும் பூஜைப் பொருள்களையும் எடுத்து, ஆனந்த நிலையம் தொடங்கிச் சுவர், கூரை, தூண் எல்லாவற்றையும் கழுவுகிறார்கள். நாமக்கட்டி, ஸ்ரீசூர்ணம், கஸ்தூரி மஞ்சள், கற்பூரம், சந்தனப்பொடி, கிச்சிலிக்கிழங்கு எல்லாம் கலந்த பரிமளத்தைச் சுவரெங்கும் பூசுகிறார்கள். பிறகு துணியை நீக்கி, நைவேத்தியம் ஆனதும் தரிசனம் தொடங்கும். தேதி முன்கூட்டியே தெரியும். வருகிறவர்கள் அதற்கேற்ப வருகிறார்கள். நடுவில் புகுந்து, கூட்டம் அதிகம், இந்தமுறை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எத்தனை மணி நேரம் வேணும்?" என்றார்.

அதே செவ்வாய்க்கிழமைகளையே வைத்துக்கொண்டோம். யாருக்கும் மறக்காது என்பது ஒரு வசதி. உகாதி கோடைக்கு முன்னால் வருகிறது, ஆனிவாரம் கோடை முடிந்தபின், பிரம்மோற்சவம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், வைகுண்ட ஏகாதசி அதற்குப்பின். வெயிலும் மழையும் இயந்திரத்தைச் சோதிக்கிற காலங்களை ஒட்டியே நான்கும் அமைந்திருந்தன. யோசித்துத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக வந்திருக்காது.

அந்தச் செவ்வாய் இரவுகளை நான் மிகவும் நேசித்தேன். ஓ.பி. முடிந்து, வார்டுகள் அடங்கியபின் வேலை தொடங்கும். முதல் நாளே பேக்கப்பை இன்னொரு கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்து பார்த்திருப்போம். பத்து பில், பத்து லேப் ரிப்போர்ட் சரியாக வந்தால்தான் மறுநாள் சர்வரைத் தொடுவது. ஒரு ஸ்பேர் பவர் சப்ளையும் ஒரு டிஸ்க்கும் பக்கத்தில் இருக்கும். லேபிலும் ஃபார்மஸியிலும் அச்சடித்த சீட்டுகளை வைத்துக் கையால் எழுதத் தொடங்குவார்கள். இதை நான்தான் வற்புறுத்தினேன். கம்ப்யூட்டர் இல்லாமல் அந்தச் சில மணி நேரத்தை ஓட்டத் தெரிந்த நர்ஸுகள் அந்த மருத்துவமனைக்கு ஜெனரேட்டரைவிட முக்கியம் என்று எனக்குப் பட்டது. பிறகு பயனர்களை வெளியேற்றி, டேட்டாபேஸை மூடி, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை இறக்கி, கடைசியில் மின்சாரம். இந்த வரிசை சுவரில் ஒட்டியிருக்கும். ஃபேன்களின் சத்தம் அடங்கியதும் அறையே வேறாகிவிடும். பெட்டியை வராந்தாவுக்குக் கொண்டுபோய் புளோயரால் ஊதுவோம். உள்ளே ஊதினால் தூசி பக்கத்துப் பெட்டிக்குக் குடிபோகும். ஃபேனைக் கையால் சுற்றிவிட்டு அது நிற்கும் விதத்தைப் பார்த்தால் பேரிங் எப்படி என்று தெரிந்துவிடும். பிராசஸர் மேல் காய்ந்த பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிது வைப்போம். எர்த் அளவு, பேட்டரி அளவு, அறை வெப்பம் எல்லாம் நீல அட்டை போட்ட நோட்டில் ஏறும். ஒருநாள் அளவால் பெரிய பயனில்லை. போன உகாதிக்கு 1.2 வோல்ட், ஆனிவாரத்துக்கு 1.9, இப்போது 2.6 என்று மூன்று வரி ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும்போது எர்த் குழி பேசத் தொடங்கும்.

ரயில்வே ரிசர்வேஷனும் இப்படித்தான் நடக்கிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். திருப்பதி கவுண்ட்டரில் நாம் வாங்கும் டிக்கெட்டுக்குப் பின்னால் செகந்திராபாத் மையம் இருக்கிறது. ரயில்வேயின் மென்பொருள் அமைப்பான 'கிரிஸ்' எழுதிய கான்செர்ட் என்ற மென்பொருள் தொண்ணூறுகளிலிருந்து ஓடுகிறது. நாடு முழுக்க நம்பியிருக்கும் அந்த அமைப்பும் தினமும் நள்ளிரவை ஒட்டிச் சிறிது நேரம் முன்பதிவை மூடி, அன்றைய கணக்கை முடித்துக்கொள்கிறது. அந்த இடைவெளியைப் பற்றிப் பயணிகள் யாரும் குறைபட்டு நான் கேட்டதில்லை.

2018 ஆகஸ்டில் திருமலையில் கோயிலைப் புதுப்பிக்கும் சடங்கான, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் மகா சம்ப்ரோக்ஷணம் நடந்தது. அந்த வாரம் நிர்வாகியே என்னைக் கூப்பிட்டு, "நம்ம சர்வருக்கு வயசு என்ன?" என்று கேட்டார். ஏழாகியிருந்தது, நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. நோட்டைப் புரட்டிக் காட்டினேன். டிஸ்க்குகள் ஒவ்வொன்றாக மாறியிருந்தன, பவர் சப்ளை மாறியிருந்தது, அதே மாடல் ஸ்பேர் கிடைப்பது அருகிவந்தது. ஓடும்போதே மாற்றிவிடலாம் என்று அவரே முடிவெடுத்தார். பழையதை ஸ்டாண்ட்பையாகப் பக்கத்தில் வைத்தோம். ஓடுகிற சர்வரை வயதுக்காக ஓய்வு கொடுத்து அனுப்பிய வாடிக்கையாளர்கள் என் அனுபவத்தில் மிகச் சிலர்.

2021 நவம்பரில் திருப்பதியில் வெள்ளம் வந்தது. மலைப்பாதையில் பாறைகள் சரிந்தன, தெருக்களில் ஆறு ஓடியது. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியபோது என்னால் அங்கே போய்ச் சேர முடியவில்லை. போனில் இரவு டூட்டி சிஸ்டம் பையன் இருந்தான். சுவரில் ஒட்டியிருந்த வரிசையை நான் சொல்வதற்கு முன்னாலேயே அவன் பாதி முடித்திருந்தான். "டேட்டாபேஸ் மூடிட்டேன் சார், இறக்கிட்டு இருக்கேன்" என்றான். குரலில் பதற்றமே இல்லை. வருஷத்துக்கு நாலு தடவை செய்த வேலைதானே. லேபில் கைச்சீட்டு தொடங்கியிருந்தது. பேட்டரிகளை ஏற்கெனவே இடுப்பு உயர இரும்பு ரேக்கில் ஏற்றிவைத்திருந்தோம். தண்ணீர் அதற்குக் கீழேயே நின்றுவிட்டது. வடிந்து, சேறு வாரி, எர்த்தையும் வயரிங்கையும் அளந்த பிறகு ஏற்றினோம். முதல் முயற்சியிலேயே எழுந்தது.

இப்போது பாதி வாடிக்கையாளர்கள் கிளவுடுக்குப் போய்விட்டார்கள். உங்கள் வேலை முடிந்ததா என்று கேட்கிறார்கள். கிளவுடுக்குப் போகும் வழி இந்தக் கட்டடத்திலிருந்துதான் தொடங்குகிறது. ரூட்டர், ஸ்விட்ச், யு.பி.எஸ்., பேட்டரி, எர்த் குழி எல்லாம் இங்கேயேதான் இருக்கின்றன. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் நான் பார்க்காத ஒருவர் நமக்காக ஃபேனைக் கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வெள்ளத்துக்குப் பின் 2022 ஜனவரியில் வைகுண்ட ஏகாதசிச் செவ்வாய் வந்தது. "இப்பத்தான் வெள்ளத்துல நிறுத்தினோமே, இந்தத் தடவை விட்டுடலாமா?" என்று நிர்வாகி கேட்டார். வேண்டாம் என்றேன். வெள்ளத்தன்று பேட்டரிகள் அடிமட்டம்வரை வடிந்திருந்தன, அதற்குப் பிறகு லோடில் வைத்து யாரும் அளக்கவில்லை. சம்மதித்தார். நிறுத்தி அளந்ததில் வரிசையில் இரண்டு பேட்டரிகள் பத்து நிமிஷத்துக்குள் 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கின. மறுநாள் காலையில் புதிய செட் வந்தது. இரண்டை மட்டும் மாற்றினால் பழையவை புதியதைக் கெடுக்கும் என்பதால் முழு வரிசையையும் மாற்றினோம். பழைய பேட்டரிகளின் எண்களை நோட்டில் அடித்து, புதிய எண்களைச் சிஸ்டம் பையன் தன் கையால் எழுதினான்.